கடைசி நூறு டாலர்

"நூறு டாலர்தானே பாக்கி? இந்தா, வாங்கிக்கிட்டுப் போய்த் தொலை!"

முதலாளி ஹார்லன் நோட்டை மேசைமேல் அடித்து வைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த எம்மெட் அதைத் தொடக்கூட இல்லை. காப்பியை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"இந்த மாசம் வேண்டாம், ஹார்லன். அடுத்த மாசம் பார்ப்போம்."

கடனை வசூலிக்க வந்தவர் பணம் வேண்டாம் என்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம். பேக்கர்ஸ்ஃபீல்டில் ஹார்லனின் மரச்சாமான் கடையில் நான் சோபா விற்றுக்கொண்டிருந்தேன். எம்மெட், லாஸ் வேகாஸில் கேசினோ என்கிற சூதாட்ட விடுதி ஒன்றின் வசூல்காரர்.

இப்போதெல்லாம் கேசினோவில் கடன் சீட்டில் கையெழுத்துப் போட்டு ஆடித் தோற்றால், சீட்டு நேரே வங்கிக்குப் போகிறது. கணக்கில் பணம் இல்லையென்றால் அரசு வக்கீலிடமிருந்து கடிதம் வருகிறது. முகமும் கிடையாது, பேச்சும் கிடையாது.

அப்போது ஆள் வரும். பாலைவனத்தைத் தாண்டி, பழைய பியூக் காரில், ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு எம்மெட் வருவார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிடுவார். "வில்மா, அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று என்னிடம் கேட்ட பிறகுதான் முதலாளியிடம் போவார். கடன் கேட்க வருபவனை எதிர்பார்த்துக் காப்பி போட்டு வைத்த காலம் அது. நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கிறது.

அன்றைக்கு மட்டும் இனிக்கவில்லை.

ஒரே சனி, ஞாயிறில் ஹார்லன் தோற்றது பன்னிரண்டாயிரம் டாலர். கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கை விற்றுப் பெரும்பகுதியைக் கட்டினார். மீதியை மாதாமாதம் கட்டினார். கடைசியில் நூறு டாலரில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். ஒரு வருஷமாக எம்மெட் வருகிறார், காப்பி குடிக்கிறார், அந்த நூறை மட்டும் வாங்காமல் போய்விடுகிறார்.

"அடுத்த வாரம் எங்க வியாபாரிகள் சங்கம் பஸ் பிடிச்சு வேகாஸ் போகுது. நான்தான் தலைவர். கடன்காரன்கிற பேரோட எப்படிப் போவேன்?" என்றார் ஹார்லன்.

"போகாதீங்க."

"அதைச் சொல்ல நீ யாருய்யா? இரு, செக் எழுதித் தபால்ல அனுப்புறேன். அப்ப என்ன பண்ணுவே?"

"தபால்ல வந்தாலும், நேர்ல போய்க் கட்டினாலும் என் மேசைக்குத்தான் வரும். திருப்பி அனுப்பிடுவேன்."

"அட்டை! ரத்தம் குடிக்கிற அட்டை நீ! என்னை மாசாமாசம் தலைகுனிய வச்சுப் பார்க்கிறதுல உனக்கு அப்படி என்ன சந்தோஷம்?"

கட்டிலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி பயந்துபோய் வெளியேறிவிட்டார்கள். எம்மெட்டின் காதெல்லாம் சிவந்துவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் வரேன், ஹார்லன்."

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நில்லுங்க! நீங்கல்லாம் மனுஷனா? பாவம், கிடங்கை வித்துக் கடன் கட்டினவர். மிச்சத்தைக் கொடுத்துட்டு நிம்மதியா இருக்கட்டுமே! மாசாமாசம் பயணப்படி வாங்கலாம்னு இழுத்தடிக்கிறீங்களா?"

"பயணப்படியா? அதை எப்பவோ நிறுத்திட்டாங்கம்மா. பெட்ரோல் என் காசு. 'நூறு டாலர் வசூல் பண்ணத் துப்பில்லையா?'ன்னு ஆபீஸ்ல வேற கேட்கிறாங்க."

"அப்ப வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே?"

எம்மெட் கடைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வில்மா, ஒரு கேசினோவுல பாக்கி இருந்தா, அங்கேயும் சரி, அந்த ஊர்ல வேற எங்கேயும் சரி, எவனும் புதுசா கடன் சீட்டு நீட்ட மாட்டான். ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டு விசாரிச்சுக்குவாங்க. நூறு டாலர்னாலும் பாக்கி பாக்கிதான்."

"அதனால?"

"ஹார்லன் ரொக்கம் வச்சு ஆடுற ஆள் இல்லை. பாக்கெட்லேர்ந்து நோட்டை எடுக்கணும்னா அவருக்குக் கை வராது. கையெழுத்துன்னா மட்டும் கை நிக்காது. இந்த நூறை நான் வாங்கிட்டேன்னு வை, அடுத்த வாரம் இந்தக் கடையையும் கையெழுத்துப் போட்டுத் தொலைச்சுட்டு வந்து நிப்பார்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் முதலாளி விசுவாசம் விடவில்லை.

"இருக்கட்டுமே! அவர் என்ன சின்னக் குழந்தையா? அவர் விஷயத்தை முடிவு பண்ண நீங்க யாரு?"

எம்மெட் காரைக் கிளப்பினார்.

"நான் முடிவு பண்ணலைம்மா. கிடங்கை வித்த அன்னிக்கு அவரேதான் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதார். 'எம்மெட், கடைசி நூறை மட்டும் என்கிட்டேர்ந்து வாங்கிடாதே. நான் கெஞ்சினாலும் சரி, நாலு பேர் முன்னால உன்னைக் கேவலமாத் திட்டினாலும் சரி, வாங்கிடாதே'ன்னார்."