தட்டினால் திறக்காத கதவு

“புள்ளயப் பாக்கணும்னா வாயத் தொறந்து கேளுங்க, மகாராணி. தட்டினா தொறக்க மாட்டேன்.”

“உன்கிட்டயா? அதுக்கு இந்தச் செவுத்துக்கிட்டயே கேப்பேன்.”

சிறைக் காவலாளி திருமதி பிராட்டனிடம் கைதி நோலீன் கடைசிவரை கேட்கவில்லை. பால்குடி மறந்ததும் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அடிலெய்டில் இருந்த அந்தப் பெண்கள் சிறை இப்போது அருங்காட்சியகம். நோலீன்தான் வழிகாட்டி. பயணிகள் கோடு போட்ட கைதிச் சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி படம் எடுப்பார்கள். அங்கே எந்தப் பெண்ணும் அப்படி உடுத்தியதில்லை; ஆனாலும் அவள் திருத்துவதில்லை. முடிவில் அவர்களைத் தனிச்சிறை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவாள். தட்டினால் திறப்பாள்.

இன்று எல்லோரும் போனபின், யாரோ விட்டுப்போன தொப்பியை எடுக்க அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

தட்டினாள். வெளியே சாவிக்கொத்து குலுங்கி நின்றது.

“பிரெண்டாவா? வெளயாடாதடி, தொற!” கூட வேலை பார்ப்பவள் என்று நினைத்தாள்.

மறுபடி தட்டினாள். எப்போதோ பற்றவைத்து மூடிய, கதவின் உணவுத் துவாரம் மெல்லத் திறந்தது. அதன் வழியே பால் வாசனை வந்தது. ஒரு குழந்தை விக்கியது.

வெளியே நின்றவள் காத்திருந்தாள்.

நோலீன் துவாரத்தின் முன் மண்டியிட்டாள்.

“எம் புள்ளய ஒரு தடவ காட்டுங்க, மேடம்.”