தீவன மூட்டைகள்

"சொன்னாக் கேளு மார்லா, கார்லயே போயிடலாம்," என்று டில்லன் கெஞ்சினான்.

நிறைமாத வயிற்றோடு மார்லா பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "இதுலதான் வருவேன். எடு."

நேற்றிலிருந்தே இதே பிடிவாதம். பண்ணையிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிவரை, மொன்டானாவின் சரளைச் சாலை முழுக்க மேடுபள்ளம். பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளோ பாரம் சுமப்பதற்கென்றே செய்தவை. வெறும் வண்டியாகப் போனால் ஆளைத் தூக்கிப் போடும். வழியிலேயே வலி எடுத்துவிட்டால்? நல்லவேளை, அவள் எழுவதற்குள் ஒரு வேலை செய்து வைத்திருந்தான்.

பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான். வண்டி தொட்டில்போல அசைந்து போனது. மார்லாவின் முகம் மட்டும் வாடிக்கொண்டே வந்தது.

"வலிக்குதா?"

"இல்லப்பா. கொஞ்சம் வேகமாத்தான் போயேன்."

"குலுங்கும்."

"எங்க குலுங்குது? எப்பவும் பல்லே கழண்டுடுமே. இன்னிக்கு என்ன வந்துச்சு இதுக்கு?"

டில்லனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பின்னால தார்ப்பாய்க்கு அடியில தீவன மூட்டை அடுக்கியிருக்கேன். பாரம் இருந்தா பட்டை அமுங்கிக் குடுக்கும். எல்லாம் உனக்காகத்தான்."

மார்லா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நாள் தாண்டிடுச்சு, இன்னிக்கும் வலி வரலேன்னா கத்திதான்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தானே கூட இருந்த? உங்கம்மாவுக்கு உன்னைப் பெக்க இந்த ரோட்டுக் குலுக்கல்தான் கைகொடுத்துச்சாம். அதுக்காகத்தானே காரை விட்டுட்டு இதுல ஏறினேன்?"

டில்லன் வண்டியை ஓரங்கட்டினான். மூட்டைகளை ஒவ்வொன்றாக வேலியோரம் இறக்கினான். வியர்வையோடு திரும்பி வந்து உட்கார்ந்தவன், "கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றான்.