வகுப்புக்கு வராதவள்

இதை முதலில் சொன்னவர், ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரீ என்ற ஊரின் மீன்கடைக் கல்லாவில் இருக்கும் க்ளெண்டா. சொல்லி முடிக்கும்வரை அவர் சிரிக்கவே இல்லை.

தனியாகப் பிள்ளை வளர்ப்போரை வேலைக்கு அனுப்பும் திட்டம் பலன் தருகிறதா என்று மதிப்பிட, அடிலெய்டிலிருந்து ஃபிலிப்பா வந்திருந்தாள். பள்ளி விடுமுறை, வேறு வழியின்றி மகனையும் அழைத்து வந்திருந்தாள்.

திட்ட அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், மரநிழலில், ஒரு பெண்ணைச் சுற்றிக் குழந்தைகள் கும்பல்.

"இவனையும் பாத்துக்கறீங்களா?"

"விட்டுட்டுப் போ கண்ணு. இத்தனை வாலுங்களோட இன்னொரு வால்!"

காப்பகம்கூட வைத்திருக்கிறார்களே என்று வியந்து, அதற்குப் பத்துக்குப் பத்து போட்டாள் ஃபிலிப்பா.

உள்ளே, பயிற்சியாளர் கென்னத் அவள் கையைப் பிடித்தார், விடவே இல்லை.

"இந்தக் குலுக்கல்தாங்க ரகசியம்! இதைத்தான் ஆறு வாரம் சொல்லிக் கொடுத்தேன். பன்னெண்டு பேர்ல பதினோரு பேருக்கு வேலை!"

"மீதி ஒருத்தி?"

"டார்லீன். ஒரு வகுப்புக்குக்கூட வரலை. சரியான சோம்பேறி. போன தவணை உதவித்தொகையைப் பிடிச்சு வெச்சிட்டேன். அடியோட நிறுத்த உங்க கையெழுத்து வேணும்."

ஃபிலிப்பா கையெழுத்திட்டாள். "ஆனா, உங்க காப்பகம் பிரமாதம்."

"எந்தக் காப்பகம்? இங்கே குழந்தைங்களைக் கூட்டிட்டு வரவே கூடாது. விதி."

"அப்ப வெளியே கேக்குதே சத்தம்?"

"அது கிளிக் கூட்டம்னுல்ல நெனச்சேன்!"

ஃபிலிப்பா ஓடினாள். முகமெல்லாம் வெயில் களிம்போடு, மகன் வெஜிமைட் தடவிய ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"இதுங்க அம்மாக்கள் எல்லாம் எங்கே?"

"வேலைக்குப் போயிருக்காங்க. வகுப்பு நடந்தப்பவே இந்த மரத்தடியில எங்கிட்டதான் விடுவாங்க. ஒருத்தி வெளியே இருந்தாத்தானே மத்தவங்க உள்ளே போகமுடியும்?"

ஃபிலிப்பா பணப்பையைத் திறந்தாள்.

"ஐயோ, காசு வேண்டாம் கண்ணு! ஏற்கெனவே போன தவணை வரலை. பிள்ளை பாத்துக் காசு வாங்கினேன்னு தெரிஞ்சா, இந்த டார்லீனுக்கு இனி எப்பவுமே வராது."

ஃபிலிப்பா உள்ளே திரும்பிப் போய், தான் கையெழுத்திட்ட தாளைக் கிழித்தாள்.

மதிப்பீட்டு அறிக்கை அடுத்த மாதம் வெளியாயிற்று. பதினொரு பேரை வேலைக்கு அனுப்பிய திறமைக்காகக் கென்னத்துக்குப் பதவி உயர்வு.

டார்லீனுக்குக் கிடைத்தது, பிடித்து வைத்திருந்த அவளுடைய தொகையே: 912 டாலர் 40 சென்ட்.