வேற ஒண்ணும் இல்லையா?

“எங்கம்மா மாதிரி மன்னிக்க யாராலயும் முடியாது, லின்சி.”

“அப்படின்னா உங்களைக் கட்டிக்கிட்டு, சாம்பார்ல உப்பை அள்ளிக் கொட்டினாலும் தப்பிச்சுக்கலாம்!”

நிச்சயதார்த்தத்தன்று அருள்பிரகாஷிடம் பேசியது லின்சிக்கு நினைவு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் சாம்பல் புதன் இது. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு, புது அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு, மாமியார் பாத்திமா மேரியின் பின்னால் வாய்க்கால் கரையில் நடந்தாள். போவது குழந்தைராஜ் வீட்டுக்கு.

பத்து வருடங்களுக்கு முன், வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் தகராறில் பாத்திமா மேரியின் வைக்கோல்போரைக் கொளுத்தியவர் என்று ஊர் சொல்லும் மனிதர். போலீசுக்குப் போகக் கிளம்பியவர்களை, கோயிலில் எல்லார் முன்னிலையிலும் “நான் மன்னிச்சிட்டேன்” என்று சொல்லித் தடுத்தவர் பாத்திமா மேரி. ஆனாலும் ‘தீவெச்ச குழந்தைராஜ்’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. நாளை அவர் ஊரையே விட்டு, கும்பகோணத்தில் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார்.

“வருஷா வருஷம் அரிசி குடுக்கறீங்களே அத்தை, ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டாரா?”

“இல்லம்மா.”

“வேற என்னதான் சொல்வாரு?”

“‘வேற ஒண்ணும் இல்லையா தங்கச்சி?’ம்பாரு.”

“நல்லாருக்கே! அரிசிக்கு மேல பருப்பும் வேணுமாமா?”

மாமியார் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவர் சரியில்லை. போன குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த பழைய குருத்தோலையைக் குப்பையில் போடக் கூடாதே என்று லின்சி கொல்லையில் எரிக்கப் போனபோது, ஓடிவந்து பிடுங்கினார். “இங்க வேணாம். கோயில்லயே குடுத்துடு.”

குழந்தைராஜின் வாசலில் மூட்டைகள் கட்டித் தயாராக இருந்தன. அவர் எழுந்து வந்து அரிசிப் பையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கடைசி நாளிலாவது மன்னிப்பு என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்வாரா? லின்சி அவர் வாயையே பார்த்தாள்.

“நாளைக்குக் கிளம்பிடுவேன். வேற ஒண்ணும் இல்லையா தங்கச்சி?”

பாத்திமா மேரி செருப்பைக் கழற்றினார். கைகளைக் கூப்பினார்.

“இருக்குண்ணே. அன்னைக்கு நான் எரிச்ச குருத்தோலையோட பொறிதான் போர்ல விழுந்துச்சு. வேலிக்கு அந்தாண்ட நின்னு நீங்க பார்த்ததும் எனக்குத் தெரியும். என்னை மன்னிச்சிடுங்கண்ணே.”