பத்து நிமிடம் தாண்டினால்

"கத்தியைக் கையில எடுத்துட்டேன். வீட்டுல வேற யாரும் இல்ல. இப்ப என்ன பண்ணட்டும்?"

ஹெட்ஃபோனில் ஒரு பெரியவரின் குரல். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் எந்தப் பொருளுக்கான அழைப்பு என்று பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. குவாக்கமோலே என்ற மெக்சிகோ மசியலுக்கான பெட்டி. இரண்டு வெண்ணெய்ப்பழம், வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை எல்லாம் உள்ளே இருக்கும். மூடியில் 'சந்தேகமா? கூப்பிடுங்கள்' என்று அவள் வேலை பார்க்கும் அழைப்பு மையத்தின் எண்ணைப் போட்டிருப்பார்கள்.

பழத்தை நீளவாக்கில் கொட்டை தட்டும்வரை கீறி, சுற்றி வந்து, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகச் சொன்னாள். பிளந்துவிட்டது என்றார் பெரியவர். கொட்டையை எடுத்துவிட்டு, சதையைக் கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டு, உடனே எலுமிச்சை பிழியச் சொன்னாள். அதையும் செய்தார். அடுத்த பழத்தையும் கீறட்டுமா என்று கேட்டார்.

"ஒருத்தருக்கு ஒண்ணு போதும் சார். பண்ணி வெச்சா ரெண்டு மணி நேரத்துல கறுக்க ஆரம்பிச்சிடும்."

"பரவால்லம்மா. ரெண்டையும் போட்டுடறேன்."

ஆறு நிமிடம் ஓடியிருந்தது. அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. கடிகாரம் என்றால் சுவரில் தொங்குவது மட்டுமில்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசருக்கும் அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அந்த அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகமில்லை.

பத்து நிமிடம் தாண்டிய அழைப்பு எதுவானாலும் தானாக அவர் திரையில் போய் விழும். அதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, பேசியவளைக் கூப்பிட்டு விளக்கம் எழுதி வாங்குவார். அவள் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. மூன்றாவது தடவை என்றால் வேலை இல்லை.

உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பத்து நிமிஷம் தாண்டினா எங்க சூப்பர்வைசர் இதை எடுத்துக் கேப்பார்."

"முழுசாவா கேப்பாரு?"

"கடைசி வரைக்கும் கேப்பார் சார்."

அந்தப் பக்கம் கத்தியைப் பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பெரியவர், "அப்ப வெங்காயத்தை இன்னும் பொடியா நறுக்கறேன்" என்றார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. மனுஷர் கிண்டல் செய்கிறாரா, காதில் விழவில்லையா என்று புரியவில்லை. தானே இணைப்பைத் துண்டிக்கவும் முடியாது. வாடிக்கையாளர்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது விதி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டார்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

இந்த ஊருக்கு வந்த பிறகு அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஒற்றை அறையில், அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றபடியே தின்றுவிட்டு ஓடி வருகிறவளை யார் கேட்கப் போகிறார்கள்? காலையில் இரண்டு ரொட்டித் துண்டு தின்றதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தக்காளி விதையை எடுத்துவிடச் சொன்னாள், இல்லாவிட்டால் நீர்த்துப்போகும். முள்கரண்டியால் மசிக்கச் சொன்னாள், ஆனால் கூழாக்க வேண்டாம், அங்கங்கே கட்டி தெரிய வேண்டும். அவர் மசித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். மனைவி போய்விட்டாள். இதே ஊரில்தான் மகன் இருக்கிறான். காரியமெல்லாம் முடிந்த அன்று இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. எட்டு மாதமாக இவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. தப்பு என் பேரில்தான் என்றார். உப்பு சரியாக இருக்கிறது என்றும் சொன்னார்.

இருபத்திரண்டு நிமிடம். எங்களை அழைத்ததற்கு நன்றி என்று ஒப்பித்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துத் தண்ணீர் குடித்தாள். இணைப்பின் சிவப்பு விளக்கு அணையச் சற்று நேரம் பிடித்தது. பாவம், எதை அழுத்தி வைப்பது என்று தடவுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் கண்ணாடி அறையிலிருந்து கூப்பிட்டார்கள். போகும்போதே கைப்பையையும் எடுத்துக்கொண்டாள். வேலை போன பிறகு அத்தனை பேர் முன்னால் திரும்பி வந்து எடுக்க அவளால் முடியாது.

கடிகாரம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய செல்போன் மேசை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. எழுதி வாங்கும் தாளின் மேல் வண்டிச் சாவி இருந்தது. தாளில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"எலுமிச்சை நிறைய விடச் சொன்னியா?" என்று கேட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சொன்னேன் சார். ரெண்டு மணி நேரம் தாங்கும்." அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "இந்த வேலையை விட்டா எனக்கு வேற வழியில்ல சார். அவருக்குப் பேசறதுக்கு ஆளே இல்ல. அதனாலதான் என்கூடப் பேசிட்டிருந்தார்."

அவர் இல்லை என்று தலையாட்டினார். ஹெட்ஃபோன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பதிவைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளி ஓடவிட்டார். அவள் நன்றி சொன்னது கேட்டது. அவள் ஹெட்ஃபோனை மேசையில் வைத்த சத்தமும், தம்ளர் சத்தமும் கேட்டன. அப்புறம் பெரியவரின் குரல், இருபத்திரண்டு நிமிடமும் இல்லாத ஒரு நடுக்கத்தோடு வந்தது.

"தம்பி, அப்பா பேசறேன்டா. ரெண்டு பேருக்குப் பண்ணியிருக்கேன், வா."