கொடியைக் கட்டிய கூடாரக் கயிறு

சாரணர் முகாமில் காற்று சுழற்றியடித்து எல்லாக் கூடாரங்களும் சாய்ந்தபோது, ஒரே ஒரு கயிறு மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. பிள்ளைகள் அதைத் தடவிப் பாராட்டினார்கள். அப்புறம் அதற்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாள் கூடாரங்களைப் பிரித்துவிட்டுக் கொடியேற்றத்துக்குத் தயாரானார்கள். கொடி விரிந்ததும் பூமழை பொழிய வேண்டும் என்று, அணித்தலைவி ஃபர்ஹானா சாமந்தி இதழ்களை உள்ளே வைத்து மடித்தாள். கட்டுவதற்கு நூல் அகப்படவில்லை. அந்தக் கயிற்றையே எடுத்து உருவு முடிச்சுப் போட்டாள்.

"ஒரே இழுப்புல அவிழ்ந்துடணும்," என்று முடிச்சைத் தட்டிக்கொடுத்தாள்.

'அவிழ்வதா? நானா?' என்று நினைத்துக்கொண்டது கயிறு.

கொடி கம்பத்தின் உச்சிக்குப் போனது. ஃபர்ஹானா இழுத்தாள். கயிறு பல்லைக் கடித்துக்கொண்டது. மறுபடி இழுத்தாள். அது இன்னும் இறுக்கிக்கொண்டது. சல்யூட் அடிக்கக் காத்திருந்த பிள்ளைகளுக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது.

"அண்ணே, மூச்சு முட்டுது. கொஞ்சம் விடுங்களேன்," என்றது உள்ளிருந்து ஓர் இதழ்.

"பயப்படாதே. நான் இருக்கிற வரைக்கும் உங்களை ஒருத்தரும் அசைக்க முடியாது."

கடைசியில் கொடியைக் கீழே இறக்கினார்கள். ஃபர்ஹானா முகம் சிவக்க, நகத்தால் நோண்டி முடிச்சைப் பிரித்தாள். இதழ்கள் கசங்கி, ஒரே கட்டியாகப் புல்லில் விழுந்தன.

"பாத்தியா, ஒண்ணுகூடச் சிந்தல," என்றது கயிறு பெருமையாக.

"நாங்க சிந்தறதுக்குத்தாண்ணே வந்தோம்," என்றது இதழ்.