சம்பத் பூசிய சிவப்பு

“மொத கோட்டு மெல்லிசாத்தான் அடிக்கணும். தடியா அப்பினா நாலு நாள்ல உரிஞ்சிக்கும்” என்றான் சம்பத். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அன்றைக்கு அவன் அடித்துக்கொண்டிருந்தது பெண்டாட்டியின் சுண்டுவிரல் நகத்துக்கு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வியாழக்கிழமை வேப்பம்பட்டில் அவன் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். ஆவடியில் புதிதாகத் திறந்திருந்த பியூட்டி பார்லருக்குப் போய் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள வேண்டுமென்று சாமுண்டீஸ்வரிக்கு ஆசை. “பெயிண்டர் பொண்டாட்டி பார்லருக்குப் போனா என் மானம் இன்னாத்துக்கு ஆவறது?” என்று அவனே ஒரு சிவப்புப் பாலிஷ் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னான். பாட்டிலைக் குலுக்கப் போனவளைத் தடுத்தான். “குலுக்கினா உள்ள குமிழி வுட்டுக்கும். இப்பிடி உள்ளங்கையில வெச்சி உருட்டணும்.”

அரிசி களைய வந்த மாமியார் பஞ்சவர்ணம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “நல்லா கீதுடா. பொண்டாட்டி கையப் புட்சிகினு சாயம் பூசற ஆம்பள ஊர்லயே நீ ஒருத்தந்தான்.”

“நீயும் ஒக்காரும்மா, உனக்கும் ஒரு வெரல் அடிச்சி வுடறேன்.”

“த்தூ, தாலியறுத்தவளுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்.” திட்டினாளே தவிர, கடைசி விரல் முடியும்வரை அங்கிருந்து நகரவில்லை.

முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க சாமுண்டீஸ்வரி கையைத் தூக்கினாள். “தொடாத, ஈரம் காயல” என்று அவனே ஒதுக்கிவிட்டான். “கல்யாணத்தன்னிக்குக் காத்தால ரெண்டாவது கோட்டு அடிச்சி வுடறேன். அப்பத்தான் ஓரம் பேராம கெட்டியா நிக்கும். அதுவரைக்கும் சுடுதண்ணியில கை வைக்காத.”

மறுநாள் காலை ஷிஃப்டுக்குச் சைக்கிளில் போனவனை, பருத்திப்பட்டு ஏரித் திருப்பத்தில் ஒரு வேன் இடித்துப் போட்டது. சாயங்காலம் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு யார் யாரோ வந்தார்கள், அழுதார்கள், எழுந்து முகம் கழுவிக்கொண்டு காபி கேட்டார்கள். சாமுண்டீஸ்வரிக்கு அழுகை சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. அலுப்பு மட்டும் தீரவில்லை. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்தாள், ஊட்டியதை விழுங்கினாள். ஆனால் கைவிரல்களை மட்டும் மடக்கியே வைத்திருந்தாள்.

அவன் சட்டை ஆணியில் தொங்கியது. சைக்கிள் நெளிந்து கிடந்தது. அவன் கைபட்டு அவள் உடம்பில் நின்றது மட்டும் அந்த ஒரு கோட்டுத்தான். அதுவும் ஓரத்தில் பெயர ஆரம்பித்திருந்தது.

காரியத்தன்று காலை பூவை எடுத்தார்கள். வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள், தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவள் குனிந்து கொடுத்தாள். சம்பத்தின் அத்தை முனியம்மாதான் அந்த மடக்கிய விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

“இன்னா அண்ணி இது, நகத்துல செவப்பு? இத்தோட வெளிய வந்தா நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேப்பாங்க” என்றாள் பஞ்சவர்ணத்திடம்.

“அத்தே, இது மட்டும் இருக்கட்டும் அத்தே” என்றாள் சாமுண்டீஸ்வரி, மாமியாரைப் பார்த்து. அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

பஞ்சவர்ணம் குனிந்து அந்த நகங்களைப் பார்த்தாள்.

“இருக்கட்டுமாமே! பொட்டே பூட்ச்சாம், பாலிஷ் இன்னாத்துக்கு? யாராவது ஒரு பிளேடு எடுத்தாங்கடி, சொரண்டி வுட்டுறலாம்” என்றாள் முனியம்மா. கூட்டத்தில் ஒரு கை பிளேடை நீட்டியது.

பஞ்சவர்ணம் அதை நடுவிலேயே வாங்கிக்கொண்டாள். “என் மருமவ கை. நான் பாத்துக்கறேன். நீங்க போயி எலை போடற வேலையப் பாருங்க.” சாமுண்டீஸ்வரியை உள்ளறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

சாமுண்டீஸ்வரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை கெஞ்சத் தெம்பில்லை. மாமியார் அலமாரியில் எதையோ துழாவுவது கேட்டது. பிறகு இரண்டு உள்ளங்கைகளும் உரசுகிற சத்தம். பிறகு முந்தானையால் ஒவ்வொரு நகமாக அழுத்தித் துடைத்தாள்.

குப்பென்று நெடி அடித்தது. பாலிஷை எடுக்கிற மருந்தும் ஏறக்குறைய இதே வாடைதான் அடிக்கும் என்று பக்கத்து வீட்டு பேபி ஒருதரம் சொல்லியிருந்தாள். மாமியார் எங்கேயோ சொல்லி வாங்கி வைத்திருக்கிறாள் போலும். சுரண்டாமல் விட்டாளே, அந்த மட்டும் சரி.

சுண்டுவிரலில் ஜில்லென்று பட்டது. அவனும் சுண்டுவிரலில்தான் ஆரம்பித்தான். சாமுண்டீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். மாமியார் அவசரப்படவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு விரல் முடித்து அடுத்த விரலுக்குப் போனாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு முனியம்மா வந்தாள். “இன்னா அண்ணி, எவ்ளோ நேரம்? ஐயரு கூப்புடறாரு. சுத்தமாப் பூட்ச்சா? எங்க, கையக் காட்டு” என்று சாமுண்டீஸ்வரியின் விரலைப் பிடிக்கக் குனிந்தாள்.

பஞ்சவர்ணம் குறுக்கே கை நீட்டினாள்.

“தொடாத முனியம்மா, ஈரம் காயல.”